தெரிந்ததை எழுதி வை!

கம்ப்யூட்டர் நிபுணருக்குப் பேனா எதற்கு? குளியல் அறையில் எழுதியவரின் கதையும், திருட்டுத்தனமாகப் படிக்கப்பட்ட புத்தகத்தின் கதையும்!

ஓர் ஊரில் ஒரு வைத்தியர் இருந்தார். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். பத்து மைல் தூரத்தில் இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் எந்தத் தழையை அரைத்தார், எந்த எண்ணெயைச் சேர்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. பெற்ற மகனுக்குக்கூட அவர் சொல்லவில்லை. எழுதியும் வைக்கவில்லை.

ஒரு நாள் அவர் கண்ணை மூடினார். வித்தையும் அவரோடு போய்விட்டது!

இந்தக் கதை நம் ஊர்களில் எத்தனையோ தடவை நடந்தது. பழைய காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். பெரிய பெரிய கட்டிடங்களில், குளுகுளு அறைகளில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்களே, அவர்களிடமும் இதே கதை இன்று தினமும் நடக்கிறது.

புரோகிராம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக மூளை கிடையாது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரிசையாகக் கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டளைக்குத்தான் "புரோகிராம்" என்று பெயர். அதை எழுதுகிறவர் புரோகிராமர்.

சாம்பார் வைப்பது போலத்தான் இதுவும். பருப்பை வேகவை, புளியைக் கரை, பொடியைப் போடு, கொதித்ததும் இறக்கு. வரிசை மாறினால் சாம்பார் கெட்டுவிடும்; கட்டளை மாறினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். "புளியைக் கடைசியில் ஊற்று" என்று பாட்டி சொல்லுவாள். ஏன் என்று சொல்ல மாட்டாள். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது. அதுதான் காரணம். புரோகிராமிலும் கட்டளைதான் இருக்கும். காரணம், எழுதியவர் தலைக்குள் இருக்கும்.

இரவு மணி 2

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இரவு 2 மணி. திடீரென்று கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. வாடிக்கைக்காரர்கள் பணம் கட்ட முடியாமல் தவிக்கிறார்கள். வேலையில் இருக்கும் இளைஞர் தலையைப் பிய்த்துக் கொள்கிறார்.

இதே கோளாறு 2 வருடத்துக்கு முன்பும் வந்தது. அப்போது ஒருவர் மூன்று நாள் கண் விழித்து அதைச் சரி செய்தார். அவர் எங்கே? வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எப்படிச் சரி செய்தார்? யாருக்கும் தெரியாது. ஏன் என்றால், அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

இப்போது இந்த இளைஞரும் மூன்று நாள் கண் விழிக்க வேண்டும்!

அவரும் எழுதி வைக்காமல் போனால், அடுத்து வருகிறவரும் கண் விழிக்க வேண்டியதுதான்.

வந்தவர்கள் போய்விடுகிறார்கள்!

இந்தத் தொல்லையைக் கண்டு மனம் வருந்தியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டிம் பெர்னர்ஸ்-லீ. இங்கிலாந்துக்காரர். சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் "செர்ன்" என்ற பெரிய விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே அவர் வேலை பார்த்தார்.

பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வருவார்கள். இரண்டு வருடம் இருப்பார்கள். போய்விடுவார்கள். அவர்கள் கற்றதும் அவர்களோடு போய்விடும். புதிதாக வருகிறவர் "இதை யார் செய்தது? ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று ஒவ்வோர் அறையாகப் போய்க் கேட்க வேண்டும்.

"இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்" என்று 1989-ம் ஆண்டு மார்ச் மாதம் டிம் ஒரு திட்டம் எழுதினார். எல்லோரும் தாங்கள் அறிந்ததை எழுதி, ஒன்றோடு ஒன்று இணைத்து வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதைப் படித்த மேலதிகாரி, "தெளிவாக இல்லை, ஆனால் ஆவலைத் தூண்டுகிறது" என்று அதன் முகப்பில் குறித்து வைத்தார்.

அந்தத் திட்டம்தான் இன்று உலகம் முழுவதும் பரவி இருக்கும் "இணைய வலை" ஆயிற்று! 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது.

இன்று நாம் இணையத்தில் சினிமாச் செய்தியும் பார்க்கிறோம், ரெயில் நேரமும் பார்க்கிறோம். ஆனால், அது பிறந்ததற்குக் காரணம் வேறு. கற்றவர் போன பிறகும் கற்றது போகாமல் இருக்க வேண்டும் என்ற கவலையில் அது பிறந்தது.

குளியல் அறையில் எழுதியவர்

இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த சம்பவம் இன்னும் ருசிகரமானது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு மாணவர் இருந்தார். அவர் பெயர் ஸ்டீவ் கிராக்கர். வயது 24. தூரத்து ஊர்களில் இருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று பேச வைக்க வேண்டும். அந்த வேலை சில மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. கிராக்கர் அவர்களில் ஒருவர்.

மாணவர்கள் கூடிப் பேசினார்கள். நல்ல யோசனைகள் பல பிறந்தன. "இவற்றை யாராவது எழுதி வைக்க வேண்டுமே!" என்ற கேள்வி எழுந்தது. ஆனால், எழுதுவதற்குப் பயம்! "நாமோ மாணவர்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நாம் எழுதினால், 'இவன் யார் நமக்குச் சட்டம் போட?' என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?"

ஓர் இரவு கிராக்கருக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஒரு நண்பர் வீட்டில் தங்கி இருந்தார். எல்லோரும் தூங்கிக் கொண்டு இருந்தார்கள். விளக்கைப் போட்டால் அவர்கள் விழித்துக் கொள்வார்கள். என்ன செய்வது? குளியல் அறைக்குள் போனார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்!

தாம் எழுதியதற்கு அவர் ஒரு தந்திரமான பெயர் வைத்தார். "சட்டம்" என்று சொல்லவில்லை. "முடிவு" என்றும் சொல்லவில்லை. "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார். பணிவான பெயர்! யார் கோபித்துக்கொள்ள முடியும்?

அந்த முதல் குறிப்பின் தேதி 1969 ஏப்ரல் 7. அதே மாதத்தில் 3-ம் நம்பர் குறிப்பை எழுதினார். குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்பதற்கான விதி அது. என்ன விதி தெரியுமா?

யார் வேண்டுமானாலும் எழுதலாம். அழகாகச் செதுக்கிக் கொண்டு காத்திருப்பதைவிட, உடனே எழுதுவது நல்லது. கேள்வி மட்டும் இருந்து, விடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு வாக்கியமாக இருந்தாலும் போதும். ஆனால், எழுதியவர் பெயர், தேதி, தலைப்பு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும்.

அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் குறிப்புகளைக் காகிதத்தில் அச்சடித்துத் தபாலில்தான் அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி இரவு முதல் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசின. ஐந்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்துப் போனதும் மறுமுனைக் கம்ப்யூட்டர் மயங்கி விழுந்துவிட்டது! பிறகு அதைச் சரி செய்து முழுச் சொல்லையும் அனுப்பினார்கள்.

அந்தக் குறிப்புகளின் வரிசை நிற்கவே இல்லை. இன்று 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். அது எப்படிப் போக வேண்டும் என்ற இன்றைய விதி, 1982-ல் எழுதிய ஒரு குறிப்பில் இருந்து வளர்ந்தது. அதை எழுதியவர் ஜான் போஸ்டல். பல ஆண்டுகள் இந்தக் குறிப்புகளைத் திருத்தி, நம்பர் போட்டுப் பாதுகாத்தவரும் அவரே. 1998-ல் அவர் இறந்தார். நண்பர் ஒருவர் எழுதிய இரங்கல் உரையும் ஒரு நம்பர் போட்ட குறிப்பாகவே அந்த வரிசையில் இடம் பெற்றது.

திருட்டுத்தனமாகப் படித்த புத்தகம்!

இனி ஆஸ்திரேலியாவுக்குப் போவோம்.

சிட்னி நகரில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜான் லயன்ஸ் என்று ஓர் ஆசிரியர். அமெரிக்காவில் உள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இரண்டு மேதைகள் "யூனிக்ஸ்" என்ற பெரிய புரோகிராமை எழுதி இருந்தார்கள். கம்ப்யூட்டரை முழுவதும் ஆட்டி வைக்கும் புரோகிராம் அது.

அதன் இதயம் போன்ற பகுதி சுமார் 9 ஆயிரம் வரி. அதை மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க லயன்ஸ் விரும்பினார். 9 ஆயிரம் வரியையும் அச்சிட்டார். வரிக்கு வரி நம்பர் போட்டார். "இந்த வரி எதற்கு? இங்கே ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று விளக்கி, தனியாக ஓர் உரை எழுதினார். நம் பண்டிதர்கள் திருக்குறளுக்கு உரை எழுதவில்லையா? அது மாதிரி!

1977-ல் அந்த இரண்டு புத்தகங்களும் வெளிவந்தன. மாணவர்கள் விரும்பிப் படித்தார்கள். கடல் கடந்தும் புகழ் பரவியது.

ஆனால், 1979-ல் ஓர் இடி விழுந்தது. யூனிக்சின் சொந்தக்காரர்களான கம்பெனியார், புதிய யூனிக்சுக்குப் புதிய நிபந்தனை போட்டார்கள். "இதன் உள் விவரத்தை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். லயன்ஸ் எழுதிய உரையையும் தாராளமாக வெளியிட முடியவில்லை.

விட்டார்களா மாணவர்கள்? ஒருவர் கையில் இருந்த பிரதியை இன்னொருவர் நகல் எடுத்தார். அந்த நகலை வேறொருவர் நகல் எடுத்தார். எழுத்து மங்கி, படிக்கவே முடியாத நகல்கள்கூடக் கைக்குக் கை மாறின. 1996-ல்தான் அனுமதி கிடைத்து, அந்தப் புத்தகம் பகிரங்கமாகக் கடைக்கு வந்தது. அப்போது லயன்ஸ் உயிரோடு இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1998-ல் காலமானார்.

உங்கள் சட்டைப் பையில்!

கதை இதோடு முடியவில்லை.

தடை வந்ததால் தவித்தவர்களில் ஆலந்து நாட்டு ஆசிரியர் ஆண்ட்ரூ டானென்பாமும் ஒருவர். "பாடம் நடத்த யூனிக்ஸ் கிடைக்காவிட்டால் என்ன? நானே ஒன்று எழுதுகிறேன்" என்று கிளம்பினார். "மினிக்ஸ்" என்ற புரோகிராமை எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி, 1987-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தைப் பின்லாந்தில் ஒரு மாணவர் படித்தார். அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். படித்ததும் ஆசை பிறந்தது. தாமும் ஒன்று எழுதத் தொடங்கினார். 1991 ஆகஸ்டு 25-ந் தேதி, "பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டு இருக்கிறேன், உங்கள் யோசனை என்ன?" என்ற கருத்தில் நாலு பேர் பார்க்கும்படி எழுதிப் போட்டார். அப்போது அவருக்கு வயது 21.

அதுதான் "லினக்ஸ்"! ஆண்ட்ராய்டு செல்போன்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதுதான். உங்கள் சட்டைப் பையில் உள்ள போனிலும் அது இருக்கலாம்.

லினஸ் பூர்த்தி செய்யும் வரை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? உலகம் முழுவதும் இருந்து வந்த உதவி அவருக்குக் கிடைத்திருக்காது. அரைகுறையாக இருந்தபோதே அவர் எழுதினார். அதனால்தான் மற்றவர்கள் கை கொடுத்தார்கள்.

"எனக்கு என்ன தெரியும்?"

"இவர்கள் எல்லாம் மேதைகள். நான் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன். நான் என்ன எழுதுவது?" என்று ஒரு புரோகிராமர் கேட்கலாம்.

நேற்றுக் கற்றவர்தான் நன்றாகச் சொல்லிக் கொடுக்க முடியும்! சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆனவருக்கு, முதல் நாள் எங்கே விழுந்தோம் என்பது மறந்துவிடும். நேற்று விழுந்தவருக்கு முழங்கால் காயம் இன்னும் ஆறி இருக்காது. எந்த இடத்தில் குழி என்று அவர்தான் சரியாகச் சொல்லுவார்.

"தப்பாக எழுதிவிட்டால்?" என்பது அடுத்த பயம். இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் வழி காட்டி இருக்கிறார். புரோகிராம் கலையைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1968-ல் வெளிவந்தது. "என் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடித்தால் பரிசு தருகிறேன்" என்று அறிவித்தார். ஒரு தப்புக்கு 2 டாலர் 56 சென்ட்! 256 என்பது கம்ப்யூட்டர் கணக்கில் விசேஷமான எண். அதனால் அந்தத் தொகை.

பரிசு பெற்றவர்களில் பலர் அவருடைய செக்கைப் பாங்கியில் கொடுத்துப் பணமாக்கவில்லை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக் கொண்டார்கள்! தப்பைச் சுட்டிக் காட்டியவருக்கும் பெருமை. திருத்திக்கொண்டவருக்கும் பெருமை.

எழுதுகிறவருக்கு என்ன லாபம்?

முதல் லாபம், அவருக்கே விஷயம் தெளிவாகும். புரிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். எழுத உட்கார்ந்தால் நாலாவது வரியில் பேனா நின்றுவிடும். அங்கேதான் புரியவில்லை என்று அர்த்தம்!

இரண்டாவது, மறதிக்கு மருந்து. ஆறு மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது, தாம் எழுதியதைத் தாமே படித்துப் பிழைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, முகம் தெரியாதவரும் அவரைத் தெரிந்து கொள்வார். வேலை கேட்டுப் போகும் இடத்தில் "எனக்கு இது தெரியும்" என்று ஆயிரம் பேர் சொல்லுவார்கள். "இதோ, நான் எழுதி இருக்கிறேன்" என்று காட்டுகிறவர் ஒரு சிலர்தான்.

எப்படி எழுதுவது?

1. இன்று பட்ட தொல்லையை இன்றே எழுத வேண்டும். நாளை என்றால் பாதி மறந்துவிடும்.

2. என்ன கோளாறு வந்தது, என்ன என்ன செய்து பார்த்தார், எது பலிக்கவில்லை, எது பலித்தது, ஏன் பலித்தது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பலிக்காததை மறைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நேரம் மிச்சமாவது அதனால்தான்.

3. கம்ப்யூட்டர் காட்டிய பிழைச் செய்தியை அப்படியே எழுத வேண்டும். அதே தொல்லையில் மாட்டிக் கொண்டவர் அந்தச் சொற்களை வைத்துத்தான் தேடுவார்.

4. தேதி போட வேண்டும். புரோகிராமின் எந்தப் பதிப்பு என்பதையும் குறிக்க வேண்டும். இன்று சரியாக இருப்பது 3 வருடத்தில் பழசாகிவிடும்.

5. ஆறு மாதத்துக்கு முன்பு தாம் எப்படி இருந்தாரோ, அப்படிப்பட்ட ஒருவருக்குச் சொல்லுவதாக நினைத்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தமிழிலும் எழுதலாம்.

6. எழுதி முடித்ததும், தாம் எழுதியபடியே முதலில் இருந்து ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். சமையல் குறிப்பில் உப்பை விட்டது போல, ஏதாவது விட்டிருக்கும்.

7. பிறரிடம் கற்றதை அவர் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! கம்பெனி ரகசியம், வாடிக்கைக்காரர் விவரம், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு நாளும் வெளியே எழுதக் கூடாது. சந்தேகம் இருந்தால் மேலதிகாரியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி வெளியே எழுத முடியாததைக் கம்பெனிக்குள்ளேயே, சக ஊழியர்கள் பார்க்கும்படி எழுதி வைக்கலாம். இரவு 2 மணிக்குத் தவிக்கும் இளைஞருக்கு அதுவே போதும்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. எழுதியதும் கூட்டம் கூடிவிடாது. முதல் சில மாதங்கள் ஒருவருமே படிக்காமல் இருக்கலாம். மனம் தளரக் கூடாது. மாதத்துக்கு இரண்டு எழுதினாலும் வருடத்துக்கு 24 ஆயிற்று.

எந்திரம் பிறக்கவில்லை, எழுத்து இருக்கிறது!

180 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் என்று ஒரு சீமாட்டி இருந்தார். பைரன் என்ற பெரிய கவிஞரின் மகள். சார்லஸ் பாபேஜ் என்ற அறிஞர், தானாகக் கணக்குப் போடும் ஒரு ராட்சத எந்திரத்தைச் செய்யத் திட்டம் போட்டு இருந்தார்.

அதைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் வந்த ஒரு கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதோடு நிற்கவில்லை. தாமே குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். குறிப்புகள், கட்டுரையைப்போல் சுமார் மூன்று மடங்கு ஆகிவிட்டன! ஒரு கடினமான கணக்கை அந்த எந்திரம் எப்படிப் படிப்படியாகப் போட வேண்டும் என்று கடைசிக் குறிப்பில் எழுதினார். 1843-ல் அது அச்சாயிற்று. முழுப் பெயரைக்கூடப் போட்டுக் கொள்ளவில்லை. மூன்று எழுத்துத்தான் போட்டார்.

1852-ல், 36-வது வயதில் அடா இறந்துவிட்டார். பாபேஜின் அந்த எந்திரம் கடைசிவரை முழுமை பெறவே இல்லை. ஆனால், எழுத்து இருந்தது. நூறு வருடம் கழித்து, 1950-ல், ஆலன் டூரிங் என்ற மேதை கம்ப்யூட்டருக்குச் சிந்திக்கும் சக்தி உண்டா என்று ஆராய்ந்தார். அப்போது அவர் எடுத்து வைத்துப் பதில் சொன்னது, அடா எழுதிய குறிப்புக்குத்தான்! உலகத்தின் முதல் புரோகிராமர் என்று பலரும் இன்று அவரைப் போற்றுகிறார்கள்.

உங்கள் வீட்டில்...

உங்கள் வீட்டிலும் ஒரு புரோகிராமர் இருக்கலாம். மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். இரவு வெகு நேரம் கழித்துச் சோர்ந்து வருகிறார்களா? "இன்று என்னம்மா வேலை? எங்கே சிக்கிக் கொண்டாய்? எப்படி அவிழ்த்தாய்?" என்று கேளுங்கள். "உங்களுக்குப் புரியாது" என்று சொன்னால் விடாதீர்கள். "புரிகிற மாதிரி சொல்லேன்" என்று கேளுங்கள்.

அம்மாவுக்குப் புரியும்படி ஒருவர் சொல்லிவிட்டால், பாதிக் கட்டுரை முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதியை அன்று இரவே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாக்கியமானாலும் போதும். மேலே தேதியைப் போட மறக்க வேண்டாம்!